அவள் அம்பு ஒட்டிய வரிகள்

செய்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் வயிற்றிலிருந்து தினமும் காலையில் வடிந்த திரவத்தின் அளவை, வந்தபடி எழுதாமல், வந்திருக்க வேண்டியபடி எழுதினேன். இரண்டு மாதத்துக்கும் மேல் அப்படி எழுதினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கண் மங்கியும் செய்யவில்லை. தராசின் முள் எங்கே நிற்கிறது என்று நன்றாகப் பார்த்துவிட்டு, வேறோர் எண்ணை நீல மையில் அழகாக எழுதினேன்.

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெங்களூரில் ஒரு பி.யு. கல்லூரியில், அதாவது பிளஸ் டூ வயதுப் பிள்ளைகளுக்கு, முப்பத்தொரு ஆண்டுகள் உயிரியல் விரிவுரையாளராக இருந்தேன். ஒவ்வோர் ஆண்டும் மழை தொடங்கும் சமயத்தில் செல் சவ்வு பற்றிய பாடம் வரும். அந்தப் பாடத்தை என்னைப் போல் நடத்த ஆளில்லை என்பது என் எண்ணம். செல் எந்தச் சக்தியையும் செலவழிக்காமல் பொருள்கள் எப்படி உள்ளே போகின்றன, வெளியே வருகின்றன என்பதைப் புத்தகத்தைத் திறக்காமலே சொல்வேன். எது எங்கே அதிகமாக இருக்கிறதோ அங்கிருந்து குறைவான இடத்துக்குத் தானாகப் போகும். தள்ளிவிட யாரும் வேண்டாம். ஆக்சிஜன் சவ்வுக்குள் நேராகவே புகுந்து போய்விடும். சர்க்கரைக்குச் சவ்வில் பதிந்திருக்கும் புரதக் கதவு வேண்டும். தண்ணீருக்கென்று தண்ணீர் மட்டுமே நுழையக்கூடிய நுண்குழாய்கள் உண்டு. கரைசல் எந்தப் பக்கம் அடர்த்தியாக இருக்கிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். இரண்டு பக்கமும் சமமானால் ஆட்டம் முடிந்தது. கடைசி வாக்கியத்தை நான் எப்போதும் அவசரமாகச் சொல்லிவிட்டு மணியடிக்குமுன் அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன்.

ஆய்வகத்தில் இதற்கு உருளைக்கிழங்குச் சோதனை. உருளைக்கிழங்கின் தோலைச் சீவி, நடுவில் குழி தோண்டி, குழிக்குள் சர்க்கரைக் கரைசல் ஊற்றி, கரைசலின் மட்டத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி வைக்க வேண்டும். பிறகு அதைத் தண்ணீர் உள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் நிற்க வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் குழிக்குள் மட்டம் ஊசியைத் தாண்டி ஏறியிருக்கும். வெளியிலிருந்த தண்ணீர் கிழங்கின் செல்களைக் கடந்து சர்க்கரை இருக்கும் பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எல்லாக் கிழங்கிலும் ஏறாது. குழி ஆழமாகப் போய் அடியில் ஓட்டை விழுந்திருக்கும். கிழங்கு பழசாக இருக்கும். ஆனால் ரெக்கார்டு நோட்டில் மட்டம் ஏறாத கிழங்கு என் முப்பத்தொரு ஆண்டுகளில் ஒன்றுகூட இல்லை. "சார், எனக்கு ஏறலையே" என்று யாராவது வந்து நின்றால், "ஏறினதுன்னு எழுதுப்பா. கிழங்குலதான் தப்பு, தத்துவத்துல இல்லை" என்பேன். எல்லாக் கல்லூரியிலும் இதுதான் வழக்கம். வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கும் அதுதான் வேண்டும். ரெக்கார்டு என்பது நடந்ததை எழுதும் நோட்டு இல்லை, நடக்க வேண்டியதை எழுதும் நோட்டு என்று ஒரு தலைமுறைக்கே பழக்கிவிட்டேன்.

ஒரு முறை சனிக்கிழமை வைத்த கிழங்கைக் கழுவி எடுக்க மறந்துபோய்த் திங்கள்கிழமை பார்த்தோம். மட்டம் ஊசிக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. அட்டெண்டர், "சார், ஏறின தண்ணி எங்க போச்சு?" என்றார். நல்ல கேள்வி. "அழுகிப் போச்சு, தூக்கிப் போடுங்க" என்றேன்.

என் மனைவி எட்டாவது வரை படித்தவள். திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரி. பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் இருபத்திரண்டு ஆண்டுகள் செக்கராக இருந்தாள். தைத்து முடிந்த சட்டை ஒவ்வொன்றும் அவள் மேசைக்கு வரும். டியூப்லைட் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில், கறை பட்ட இடத்தில், அளவு தவறிய இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். சரக்கு லாரியில் ஏறும் நாளில் சூப்பர்வைசர் வந்து, ஒரே ஒரு சட்டைதானே, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று கன்னடத்தில் கெஞ்சுவாராம். "அக்கா, ஒந்தே பீஸ் அக்கா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி." இவள், "மாடலாம்ப்பா. ஒரு தோள் மேலயும் ஒரு தோள் கீழயுமா இருக்கற ஆளைக் கூட்டிக்கினு வா, அவருக்கு மாட்டி அனுப்பிடறேன்" என்பாளாம். அவள் மேசை தாண்டிப் போன சட்டை ஒன்றும் திரும்பி வந்ததில்லை என்று அவளுடன் வேலை செய்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

நான் தற்காலிக விரிவுரையாளராக இருந்த ஆரம்ப ஆண்டுகளில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அவள் வேலையால்தான். ஆனால் கல்லூரியில் யாராவது "மிஸ்ஸஸ் என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "வீட்லதான் இருக்காங்க" என்பேன். ஓய்வு பெற்ற நாளன்று மாலை போட்டபோதும் மேடையில் அதையே சொன்னேன். அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து அவளுடைய சிறுநீரகங்கள் கைவிட்டன. வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போய் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளலாம், அல்லது வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்துகொள்ளலாம் என்றார் டாக்டர். அவர் ஓர் அம்மையார். தாய்மொழி கன்னடம், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியபடி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. வயிற்றில் ஒரு குழாய் வைத்து, சர்க்கரை கலந்த இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் அப்படியே வைத்திருந்தால், ரத்தத்தில் தேங்கிய கழிவு அந்தச் சவ்வைக் கடந்து திரவத்துக்கு வந்துவிடும். உடம்பில் தேங்கிய தண்ணீரையும் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். பிறகு வடித்துவிட்டுப் புதுப் பை. ஒரு நாளைக்கு நான்கு முறை. இதை அவர் பாதி சொல்லும்போதே நான் குறுக்கிட்டு மீதியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

வெளியே வந்ததும் மனைவி, "அப்போ உங்க உருளைக்கெழங்கு இன்மே என் வயித்துலதானா?" என்றாள்.

மருத்துவமனை இயந்திரத்தை அவள் விரும்பவில்லை. "வாரத்துல மூணு நாள் அங்க போய்ப் படுத்துக்கினா நான் வீட்ல எப்ப இருக்கறது?" என்றாள். வயிறு அவளுடையது, வீடும் அவளுடையது. அவள் கேட்டது அவ்வளவுதான். அந்தச் சவ்வு நன்றாக இருக்கும்வரை அவள் ஈஜிபுராவில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டில் சுதந்திரமாக இருக்கலாம். அது கெட்டால் படுக்கையும் இயந்திரமும்தான்.

பயிற்சி கொடுத்த நர்ஸ் ஓசூர்க்காரப் பெண். "வீட்ல யாரு செய்யப் போறீங்க?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றேன்.

"நானும் கத்துக்கறேனே" என்றாள் மனைவி.

"உனக்கு எதுக்கு? இதுல நிறைய விஷயம் இருக்கு" என்றேன். நர்ஸ் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். மனைவி கையை மடியில் வைத்துக்கொண்டு, நர்ஸ் செய்வதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

அறையைத் துடைப்பது, மின்விசிறியை நிறுத்துவது, முகமூடி கட்டுவது, முழங்கை வரை கை கழுவுவது, குழாய்களை இணைப்பது எல்லாம் நான். வடிந்த பையைத் தராசில் மாட்டி எடை பார்த்து நோட்டில் எழுதுவதும் நான். வடிந்ததைக் கழிவறையில் ஊற்றிப் பையைக் கழுவி எறிவது மட்டும் அவள் வேலை. அதை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன் என்று நாகரிகமாகச் சொல்லலாம். எனக்கு அது அருவருப்பாக இருந்தது என்பதுதான் உண்மை.

நோட்டுக்கு நானே கோடு போட்டேன். தேதி, நேரம், உள்ளே விட்ட அளவு, வெளியே வந்த அளவு, வித்தியாசம். முதல் ஆண்டு முழுவதும் அளவுகள் பாடப்புத்தகம்போல் வந்தன. இரண்டாயிரம் மில்லி உள்ளே போனால் இரண்டாயிரத்து இருநூறு, இருநூற்றைம்பது வெளியே வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டர் அந்த நோட்டைப் புரட்டி, "எல்லாரும் இப்படி எழுதினா எங்க வேலை எவ்வளவு சுலபம் சார்" என்பார். நான் நோட்டை வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்வேன். வீட்டுக்கு வரும்வரை அந்தப் பாராட்டு காதில் இருக்கும்.

இரண்டாம் ஆண்டில் ஒரு காலை. முந்தைய இரவு விட்ட பை பத்து மணி நேரம் உள்ளே இருந்தது. வடித்துத் தராசில் மாட்டினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரம். உள்ளே விட்டதைவிட நூறு குறைவு. அவளைப் புரண்டு படுக்கச் சொன்னேன், எழுந்து நடக்கச் சொன்னேன், குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்தேன். வேறெதுவும் வரவில்லை. சர்க்கரைக் கரைசல் உள்ளே இருந்தால் தண்ணீர் அதனிடம் வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் பிழை தராசில்தான். 2200 என்று எழுதினேன்.

மறுநாள் ஆயிரத்து எண்ணூற்றைம்பது. 2150 என்று எழுதினேன். நம்பும்படி இருக்க வேண்டும் என்று நூறும் ஐம்பதுமாக மாற்றி மாற்றி எழுதினேன். மாணவர்கள் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும்போது ஓர் எண்ணை மட்டும் மாற்றுவார்களே, அதே கை. மூன்றாம் நாளிலிருந்து இது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நிறுத்தினால் முதல் இரண்டு நாளைப் பற்றிக் கேள்வி வரும். டாக்டர் பாராட்டிய நோட்டு அது.

வராத தண்ணீர் எங்கோ இருந்துதானே ஆக வேண்டும்? அது அவள் கால்களில் சேர்ந்தது. செருப்பின் வார் மாட்ட முடியவில்லை. என் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினாள்.

ஒரு நாள் நான் கேட்டேன். "எனக்குத் தெரியாம தண்ணி குடிக்கிறியா?"

"குடிச்சா சொல்ல மாட்டனா?"

"அப்புறம் கால் எப்படி வீங்குது? பொய் சொல்லாத."

அவள் தன் காலைப் பார்த்தாள். பிறகு அலமாரியில் இருந்த நோட்டைப் பார்த்தாள். "கால் பொய் சொல்லலீங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் குடிக்கும் தண்ணீரை நானே டம்ளரில் அளந்து கொடுத்தேன். அளவைப் பற்றிப் பொய் எழுதிக்கொண்டிருந்தவன், தாகத்தோடு இருந்தவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுத்தேன்.

அந்த மாதம் மருத்துவமனைக்குப் போக வேண்டிய காலை. எப்போதும்போல் எடுத்துப் பார்க்கலாமே என்று நோட்டை உறையிலிருந்து உருவினேன். புரட்டியதும் கை நின்றது. ஒவ்வொரு காலை வரிக்கும் நேராக ஒரு சிவப்பு அம்பு. அரை விரல் நகம் அளவு. முனை, 'வெளியே வந்த அளவு' என்ற கட்டத்தைத் தொட்டபடி. பக்கத்தைத் திருப்பினேன். அங்கும் வரிசையாக அம்புகள். மற்ற மூன்று வேளைகளின் வரிகளில் ஒன்றுமில்லை. நான் உண்மையாக எழுதிய ஒரு வரியில்கூட அவள் ஒட்டவில்லை. பொய்யாக எழுதிய ஒரு வரியைக்கூட விடவில்லை.

அவள் சமையலறையில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். அவள் நிமிரவில்லை. "ஆட்டோ சொல்லிட்டீங்களா?" என்றாள்.

ஆட்டோவில் போகும்போது நான் சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் நெரிசல், அரை மணி நேரம் ஒரே சிக்னலில் நின்றோம். அவள் ரப்பர் செருப்புக்குள் உப்பியிருந்த தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த அரை மணி நேரத்தை அவள் எனக்காகத்தான் விட்டிருந்தாள் என்பது இப்போது புரிகிறது.

டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. எடை ஐந்து கிலோ கூடியிருந்தது. நோட்டை வாங்கினார். "நோட்டுல எல்லாம் சரியாத்தானே இருக்கு? அம்மா, தண்ணி கொஞ்சம் ஜாஸ்தி ஆகுதா? உண்மையைச் சொல்லுங்க. இப்படியே போனா இந்த முறையை நிறுத்திட்டு மிஷினுக்குத்தான் மாத்தணும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மேசையின் மேல் இருந்த பிளாஸ்டிக் சிறுநீரகத்தைப் பார்த்தேன்.

"நோட்ல அம்பு ஒட்டிக்கீது பாருங்கம்மா" என்றாள் அவள்.

"ஆமா, இது என்ன?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தாள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். ஊக்கு குத்தி அடுக்கியிருந்தாள். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் ஓர் எண். "ஊத்தும்போது லிட்டர் ஜாடியில அளந்துதான் ஊத்துவேன். தெனமும். இது நான் எழுதனது, அது அவர் எழுதனது."

டாக்டர் தாளையும் நோட்டையும் அருகருகே வைத்தார். 1900, 2200. 1850, 2150. 1800, 2200. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "எது சரி சார்?"

அந்த அறையில் இரண்டு விடைகள் இருந்தன. கிழங்கில்தான் தப்பு என்று சொல்லும் விடை என் நாக்கு நுனியில் இருந்தது. எட்டாவது படித்தவள், ஜாடி, கணக்குத் தப்பியிருக்கும் என்று சொன்னால் டாக்டர் நம்பியிருப்பார். டாக்டரும் நானும் படித்தவர்கள். அதை என் மனைவியும் அறிந்திருந்தாள். மேசைமேல் இருந்த காகிதக் கட்டின் நுனியை அவள் இன்னும் விடவில்லை; ஊக்கு அழுந்திய விரல்கள் வெளுத்திருந்தன.

"அவங்களோடதுதான் சரி" என்றேன். "நான் மாத்தி எழுதினேன்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "அம்மா, இந்தக் காகிதம் இல்லைன்னா நான் உங்களைத்தான் தப்பா நினைச்சிருப்பேன்" என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் அவளை உட்கார வைத்துச் சவ்வைச் சோதித்தார்கள். பையை உள்ளே விட்டு, அப்போதே கொஞ்சம், இரண்டு மணி நேரம் கழித்துக் கொஞ்சம், நான்கு மணி நேரம் கழித்துக் கொஞ்சம் எடுத்து அதில் சர்க்கரை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார்கள். அவளுடைய சவ்வு சர்க்கரையை வேகமாக விட்டுவிடுகிறது என்று தெரிந்தது. பையிலிருந்த சர்க்கரை ரத்தத்துக்குள் போய்விடுகிறது. இரண்டு பக்கமும் சமமாகிவிடுகிறது. பிறகு தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. வந்த தண்ணீர் உடம்புக்கே திரும்பிவிடுகிறது. பகலில் நான்கு மணி நேரத்தில் வடித்துவிடுவதால் தெரியவில்லை. இரவில் பத்து மணி நேரம் உள்ளேயே கிடந்ததால் காலையில் தெரிந்தது.

திங்கள்கிழமைக் கிழங்கு. அட்டெண்டர் கேட்ட கேள்விக்கு விடை அதுதான். ஏறிய தண்ணீர் எங்கே போனது என்று நின்று யோசித்திருந்தால், சவ்வு தண்ணீரை மட்டுமே விடும் காவல்காரன் அல்ல, நேரம் கொடுத்தால் சர்க்கரையும் கடந்துவிடும், சமமாகிவிடும் என்பதை என் கண்ணாலேயே பார்த்திருப்பேன். நான் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போன அந்தக் கடைசி வாக்கியம்தான் என் மனைவியின் காலில் வீங்கி நின்றது. தத்துவம் தவறவே இல்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அதை முழுதாகப் படிக்காதவன் நான். ஒரு நாள் உண்மையை எழுதியிருந்தால் மறுநாளே டாக்டருக்கு விளங்கியிருக்கும்.

இரவுப் பையை மாற்றினார்கள். சவ்வை எளிதில் கடக்க முடியாத பெரிய மூலக்கூறுகள் உள்ள வேறொரு திரவம். அது நீண்ட நேரம் தன் பக்கத்திலேயே நின்று தண்ணீரைப் பிடித்து வைக்கும். மூன்று வாரத்தில் அவள் தன் செருப்பின் வாரை மாட்டினாள். மாட்டிவிட்டு, என் ரப்பர் செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

அன்று மாலை நர்ஸுக்கு அவளே போன் செய்தாள். "பாப்பா, நாளைக்கு வர்றேன். மொதல்ல இருந்து எனக்குச் சொல்லிக் குடு. இன்மே நானே செஞ்சிக்கறேன்." நர்ஸ், "நீங்க அன்னிக்கே கத்துக்கிட்டீங்கம்மா, எனக்குத் தெரியும்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அவள் செய்வதைப் பார்க்க வேண்டும். பெருமையாக எழுத எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். பையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நான்கு மூலையையும் பார்ப்பாள். இரண்டு உள்ளங்கையால் அழுத்திக் கசிவு பார்ப்பாள். தேதியை வாய்விட்டுப் படிப்பாள். கை கழுவும்போது நர்ஸ் சொன்ன நேரம் வரை மனதுக்குள் எண்ணுவாள், நடுவில் நான் பேசினால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். குழாய் மூடியைக் கழற்றி மாட்டும் அந்த ஒரு நொடியில் அவள் மூச்சுகூட விடுவதில்லை. வடிந்த பையைச் செய்தித்தாளின் மேல் வைத்து, அதன் வழியாக எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பாள். கலங்கியிருந்தால் கிருமி. மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒரு முறைகூட அவளுக்குக் கிருமி வந்ததில்லை. நான் செய்த காலத்தில் இரண்டு முறை வந்தது.

ஊற்றுவதும் கழுவுவதும் இப்போது என் வேலை. முதல் வாரம் குமட்டியது. இப்போது இல்லை.

புதிதாக இந்த முறைக்கு வருபவர்களுக்கு அவளை வைத்துக் காட்டச் சொல்லி மருத்துவமனையில் கேட்கிறார்கள். மாதம் ஒரு முறை போகிறோம். தமிழ், கன்னடம் இரண்டிலும் மாறி மாறிச் சொல்வாள். "அவசரப்படாதீங்க. நிதானவாகி மாடி. எழுதறது மட்டும் வந்ததை எழுதுங்க, கொறைஞ்சா கொறைஞ்சதுன்னு எழுதுங்க. அதுக்குத்தான் நோட்டு." அப்போது என் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டாள். அந்த நாகரிகம் அவளுக்கு உண்டு. போன மாதம் ஓர் அம்மாள் என்னிடம், "மேடம் இங்க நர்ஸா இருந்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. கார்மென்ட்ஸ்ல செக்கர். இருபத்திரண்டு வருஷம். என் மனைவி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். முன்னால் நின்றவள் காதில் விழுந்திருக்க வேண்டும். பேச்சை ஒரு கணம் நிறுத்தி, முகமூடியைச் சரிசெய்துகொண்டு மேலே தொடர்ந்தாள்.

இதை எழுதி முடித்ததும் அவளிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். வேலையை விட்டபோது கொண்டுவந்த ஸ்டிக்கர் சுருள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு அம்பு இருந்தது. தண்ணீர் குடிக்கிறாயா என்று அவளைக் கேட்ட இடம். 'ஒரு நாள்' என்ற சொல்லை முனை தொட்டுக்கொண்டிருந்தது.

"இங்க என்ன தப்பு?" என்றேன்.

"ஒரு நாளா? வெரலை விட்டு எண்ணுங்க வாத்தியாரே."

எண்ணினேன். ஒன்று, நான் எழுதிய நாள். இரண்டு, அவள் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்வந்த அன்று, படியில் மூச்சு வாங்கி நின்றபோது. மூன்றாவது கீழ்வீட்டு அம்மாள் எதிரில். அந்த அம்மாள் அவளுக்குக் கொடுத்த மோர் டம்ளரை நான் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். வருத்தப்பட்டு எழுத உட்கார்ந்தபோதும் என் கை மூன்றை ஒன்று என்றுதான் எழுதியிருக்கிறது.

அந்த வரியைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன், அம்பு எதைக் காட்டுகிறது என்று தெரிவதற்காக. சரியான அளவு மூன்று.

அவளிடமும் சொன்னேன். "மூணு தடவை. மூணு தடவையும் நீ குடிக்கல."

"ம்" என்றாள். பிறகு மணியைப் பார்த்து, "எழுந்து ஃபேனை நிறுத்துங்க, பை மாத்தற நேரம்" என்றாள்.